அக்காவுக்கு, பலா மரத்தில் தொங்கும் சொம்பைப் பற்றி

அக்கா,

நேற்று அப்பாவுக்கு வருஷத் திதி. நீ வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள்.

அஸ்தியைத் தனுஷ்கோடியில் கரைக்காதது என் தப்புதான். ஆனால் முழுக்க என் தப்பும் இல்லை.

2011இல் அவரை அங்கே கூட்டிப்போனேனே, அதை உன்னிடம் ஒழுங்காகச் சொன்னதில்லை. அப்போது தார் ரோடு கிடையாது. ஈர மணலில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போய் நின்றது. எல்லோரும் கடலைப் பார்த்து ஓட, அப்பா மட்டும் கூரையில்லாத சர்ச்சுக்குப் போனார். பவளக்கல் சுவர், பூராவும் பொத்தல். ஒவ்வொரு பொத்தலாகச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் ஸ்டேஷனைத் தேட ஆரம்பித்தார். 1962இல், பத்து வயதில், அப்பாயி கையைப் பிடித்துக்கொண்டு தலைமன்னார் கப்பலிலிருந்து இறங்கி ரயில் ஏறிய இடம். "இங்க போஸ்ட் ஆபீஸ், இந்தா கஸ்டம்ஸ்" என்று வெறும் மணலைக் காட்டிக்கொண்டே நடந்தார்.

ஓர் அம்மா மணலைத் தோண்டி, ஊறிய தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். அப்பா கேட்டு வாங்கினார். பாதி குடிப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். நான் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "ஒண்ணுமில்லப்பா அங்க, எல்லாம் போயிருச்சு."

சிரட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து ஏறினார். நீலகிரியில் நம் சேரம்பாடி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இலங்கையில் இருந்த நம்மைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இந்தியா, இலங்கை என இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டது 1964 அக்டோபர் 30. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடியே போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் நூறு பேருக்கு மேல் ஆட்களோடு போனது. நம் ஆட்களை அனுப்புவதென்று முடிவானபோது இருந்த வாசல், அனுப்பும்போது இல்லை. 1972இல் அப்பா இங்கேயே தங்குவதற்கென்று வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில்.

போனில் "அப்பாவோட கடைசி ஆசை" என்கிறாய். கடைசி மூன்று வருஷம் அவருக்குத் துணி மாற்றியது யார்? கோயம்புத்தூர் என்ன அவ்வளவு தூரமா? சரி, விடு. இந்த வரியை அழிக்கலாம் என்றுதான் இருந்தேன். இருக்கட்டும்.

நிஜக் காரணம் வேறு. இந்த மலையில் நாற்பது வருஷம் கொழுந்து மூட்டை தூக்கினார். ஆனாலும் "நம்ம ஊரு" என்றால் அவருக்கு இலங்கை மலையகத்து ஹட்டன்தான். அங்கே விட்டுவிட்டு வந்த அத்தை, அங்கே குடித்த பிளேன்டீ. இங்கே பிறந்த நாம் எந்த ஊர்? அந்தக் கடலில் கரைத்தால் அக்கரைக்கே போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர்தானே. விட மனசு வரவில்லை. சிரிக்காதே.

வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பார்கள். அதனால் சொம்பை மஞ்சள் துணியில் சுற்றி நம் லயத்து வீட்டுக் காம்பராவுக்குப் பின்னால் பலா மரத்தில் கட்டியிருக்கிறேன். நம் ஊர் மழைக்கு மேலே ஒரு பாலிதீன் கவர். காற்றடித்தால் கவர் சடசடவென்று சத்தம் போடும். இரண்டு தடவை மாற்றிவிட்டேன்.

டிசம்பரில் வருகிறாய் என்றால் அவிழ்க்கிறேன். இப்போது தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கிறது. லீவு மட்டும் இரண்டு நாளாகப் போட்டுக்கொண்டு வா, ஸ்டேஷன் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

தம்பி