கூடப் போகிறவருக்கும் படி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமூகநீதிக்காக உழைக்கும் இளைஞர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தரும் ஃபெலோஷிப் கொடுப்பது பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் வாசித்தேன். எங்கள் நெல்லைச் சீமையிலிருந்து கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது.

என் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். அம்மா பீடி சுற்றித்தான் அவளைப் படிக்க வைத்தார். திங்கட்கிழமை வந்தால் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விடுவாள். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்று இருப்பதால் பி.எஃப். பணம் கைக்கு வராத பீடித் தொழிலாளிகள், பட்டாவுக்கு அலைகிறவர்கள் எல்லாருக்கும் மனு எழுதுவது அவள்தான். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் 17 பேர் உயிரைவிட்டதும் அந்த ஆபீஸ் பக்கம் தாமிரபரணி ஆற்றங்கரையில்தானே. அவள் அப்போது பிறக்கவே இல்லை. சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் இந்த அலைச்சல் முழுவதும்.

பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தியபோது 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சாட்சி பயந்து பின்வாங்கிவிடாமல், வாய்தாவுக்கு வாய்தா கூடப் போய் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு யார் பஸ் காசு கொடுப்பது?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்பது உட்படப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் கொடுத்தது. கயிற்றை உத்தரவு போட்டு அவிழ்த்துவிடலாம். பையன்களின் மனசை மாற்ற, அந்தந்த ஊரிலேயே இருந்து அவர்களோடு பழகிப் பேசுகிற ஆள் வேண்டும். ஒருநாள் முகாம் நடத்திவிட்டுப் போகிறவர்களால் அது ஆகாது.

அரசு நடத்தும் முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் என்ற ஃபெலோஷிப் அரசுத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கானது. நான் கேட்பது ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு. இரண்டு வருஷத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை, சந்தேகம் கேட்க ஒரு வக்கீல். விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும். நேர்காணலில் இங்கிலீஷ் பேசச் சொல்ல வேண்டாம். பட்டமும் கேட்க வேண்டாம். எங்கள் பகுதியில் இதை நன்றாகச் செய்கிற ஒரு தம்பி பத்தாவது வரைதான் படித்தவர்.

போன மாதம் அந்தப் பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. "போகவா சார்?" என்று கேட்டாள். தங்கையின் படிப்புச் செலவு அவள் தலையில். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பென்ஷனிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் தர நான் தயார். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படித்து இன்று வெளியூரிலும் வெளிநாட்டிலும் நன்றாக இருப்பவர்கள் இதை வாசித்தால், இன்னும் பத்துப் பதினைந்து பேராவது சேர்ந்துகொள்ளுங்கள். அவள் வேலையில் சேர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
முக்கூடல்.