தலைநகைக்கு ஊரும் பேரும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் உலக நகைகளைப் பற்றி வெளியான பக்கத்தில், பின்னல்கள்தோறும் பொன்மணிகளும் பில்லைகளும் தொங்க நிற்கும் ஒரு பெண்ணின் பழைய புகைப்படத்துக்குக் கீழே ‘ஆப்பிரிக்கப் பழங்குடிப் பெண்ணின் தலை அலங்காரம்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தீர்கள். அது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் வொலோஃப், துக்குலோர் இனப் பெண்கள் சூடிவந்த தலைநகை.

வாலோ, கஜோர், ஜொலோஃப் எனப் பல அரசுகளை நடத்தியவர்கள் வொலோஃப் மக்கள். பிரெஞ்சுக்காரர்களால் துக்குலோர் என்று அழைக்கப்பட்டவர்கள், ‘புலார் மொழி பேசுவோர்’ என்ற பொருளில் தங்களை ஹால்புலார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். செனகல் ஆற்றின் நடுப்பகுதியில் உள்ள ஃபூத்தா தோரோ அவர்களுடைய மண். 11-ஆம் நூற்றாண்டிலேயே அங்கு இஸ்லாம் பரவியிருந்தது. இவர்களைப் ‘பழங்குடி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த நகையைச் செய்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. வொலோஃப் மொழியில் தெக் என்றும் புலார் மொழியில் பைலோ என்றும் அழைக்கப்படும் கொல்லர்கள், தந்தையிடமிருந்து மகன் கற்கும் பரம்பரைத் தொழிலாக இதைச் செய்துவந்தார்கள். மெல்லிய கம்பியாக இழுத்த உலோகத்தைச் சுருட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்யும் நுண்ணிய கம்பிவேலையில் அவர்கள் பேர்போனவர்கள். முடியில் கோத்துத் தொங்கவிடும் நகை கனத்தால் பின்னல் தாங்காது என்பதால், மணிகளை உள்ளே கூடாக அமைப்பதும், வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசுவதும் அந்தத் தொழிலில் வழக்கம். அதைப் போலி என்று அங்கே யாரும் தள்ளுவதில்லை. இத்தனை கைத்திறன் இருந்தும், உயர்குலத்தார் என்று தம்மைக் கருதியவர்கள் கொல்லர் குடும்பங்களோடு மணவுறவு வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொன்னின் ஒரு பகுதி செனகல் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள பம்பூக் சுரங்கப் பகுதியிலிருந்து வந்தது. ஆற்றின் முகத்துவாரத்தில் 1659-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய செயின்ட் லூயி நகரில், சிஞார் எனப்பட்ட வணிகச் சீமாட்டிகள் இந்த நகைகளுக்குப் பெரும் ஆதரவு தந்தார்கள். (அவர்களுடைய வீடுகளில் அடிமைகளும் இருந்தார்கள்; நகையின் பளபளப்பில் அது மறைந்துவிடக் கூடாது.) அந்நகரின் செல்வத்துக்கு ஆதாரமாக இருந்த வேலம்பிசின் வணிகத்தில் நாணயம்போலப் புழங்கியது, புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரிச்சாயம் தோய்த்து அனுப்பப்பட்ட நீலத்துணி. ‘கினே’ என்ற பெயரில் கப்பலேறிய அந்தத் துணிக்கு எவ்வளவு பிசின் என்று ஆற்றங்கரையில் பேரம் நடந்தது. புதுச்சேரிக்காரன் என்பதால் இதைச் சற்று நீட்டிச் சொல்கிறேன். தங்கள் கட்டுரையாளர் இந்த உறவைத் தொட்டிருந்தால் பக்கமே வேறு விதமாக அமைந்திருக்கும்.

பழைய தலைநகைகள் இன்று அதிகம் மிஞ்சவில்லை. புதுப் பாணி வந்ததும் பழையதை உருக்கிவிடுவதே அங்கும் வழக்கம். இருந்தும், மரியன் ஆஷ்பி ஜான்சன் என்ற ஆய்வாளர் சேகரித்துக் கொடையளித்த 250-க்கும் மேற்பட்ட செனகல் நகைகளை அடிப்படையாகக் கொண்டு, வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் 2018-இல் ஒரு கண்காட்சியை நடத்தியது. ஆகவே, அடையாளம் காண வழியில்லை என்று சொல்வதற்கில்லை.

அடுத்த ஞாயிறு இணைப்பில், ‘செனகல் கொல்லர்கள் செய்த, வொலோஃப், துக்குலோர் பெண்கள் சூடிவந்த தலைநகை’ என்று அந்தப் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
புதுச்சேரி.