தரங்கம்பாடியிலிருந்து தம்பிக்கு

தரங்கம்பாடி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உங்கள் இருவருடைய சுகத்துக்காகவும் ஜெபிக்கிறோம்.

மாடி அறை ஜன்னல் கம்பி ஒன்று துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. நாலு கம்பியையும் மாற்றிப் பெயின்ட் அடித்தாயிற்று. நம் ஊர் உப்புக்காற்றுக்கு அது எத்தனை நாள் தாங்குமோ. ஃபேனும் புதிது. அறை சுத்தமாக இருக்கிறது. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் சனி, ஞாயிறு வந்தால் கோட்டை வாசலுக்குள் கார் நுழைய இடமில்லை. 1792-ல் கட்டிய வாசல், இரண்டு கார் எதிரெதிரே வந்தால் என்ன செய்யும்? ராஜ வீதியில் நடந்து, கோட்டையைப் பார்த்து, படம் எடுத்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறார்கள். கடலோரத்துப் பங்களாவில் ஒரு ராத்திரிக்கு என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்தேன். நம் வீட்டிலிருந்து நாலு எட்டு. அங்கே போய் அவ்வளவு பணம் கொடுத்து ஏன் படுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பதில் பேசவில்லை.

ஊருக்கு வருகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று, மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கொட்டியிருக்கிற பாறைகள் பாசி பிடித்தவை. குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழும்பிய கோயில். அதன் முன்பக்கத்தையே கடல் கொண்டுபோய்விட்டது, மனுஷர் எம்மாத்திரம்? பாறையில் ஏறக்கூடாது. செருப்போடு ஏறவே கூடாது. உடம்பு முன்போல இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. யாராக இருந்தாலும்தான் சொல்கிறேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பிலேயே டென்மார்க்கிலிருந்து வந்தவர்களைக் கூட்டிப்போய், 1620-ல் டென்மார்க் தளபதி ஓவே கெட்டே கோட்டை கட்டியது, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தது, 1845-ல் வெள்ளைக்காரனுக்கு விற்றது என்று ஒரு வருஷம் பிசகாமல் சொன்னவன் நீ. வந்தவர்களில் ஒரு அம்மாள் உன் கன்னத்தைத் தட்டி, "இந்தப் பிள்ளை எங்கள் ஊரைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்கிறான்" என்றாள். பள்ளிக்கூடத்தில் நான் அதைச் சொல்லாத ஆளில்லை. ஊருக்கெல்லாம் வழி காட்டிய பிள்ளைக்குத் தன் தெரு மட்டும் எப்படி மறந்துபோகும்?

போன மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரம், வாசல் பக்கத்து டீக்கடையில் கேட்டார்கள். "சார், தம்பி வந்திருந்தாப்ல போலிருக்கே? கூட அந்தப் பொண்ணும்?" ஆமாம், வந்திருந்தான் என்றேன். அறுபத்தெட்டு வயதில், கையில் டீயோடு பொய் சொன்னேன். அந்தப் பெண் பாறைமேல் நின்று கடலைப் பார்த்தது என்றார்கள். வேறொன்றும் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு டீயைக் குடிக்க முடியவில்லை. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மீன்காரம்மா முந்தின நாளே சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளும் என்னிடம் சொல்லவில்லை.

தடை முடிந்து வஞ்சிரம் நல்லதாகக் கிடைக்கிறது. இரண்டு பேருக்கு எதற்கு என்று அம்மா நெத்திலியோடு நிறுத்திவிடுகிறாள். பாறை விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

தம்பி, ஒன்று எழுத வேண்டும். காலையிலிருந்து இதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 9 வந்தால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய கதையை நான்தான் சொல்வேன், உனக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். 1706. டென்மார்க் ராஜா அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்தும், ஐயரையும் கூட வந்த புளூட்சோவையும் கோட்டைத் தலைவன் உள்ளே கூப்பிடாமல் மணிக்கணக்கில் வெயிலில் நிற்க வைத்தான். பிறகும் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனான். இரண்டு வருஷம் கழித்து ஐயரை அந்தக் கோட்டைக்குள்ளேயே நாலு மாதம் அடைத்தும் வைத்தான். மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து விரலால் எழுதித் தமிழ் படித்த மனுஷரை! "வந்தவரை வா என்று சொல்லத் தெரியாதவனுக்கு எத்தனை பெரிய கோட்டை இருந்து என்ன?" என்று கேட்பேன். நீ சிரிப்பாய்.

இந்த வருஷமும் அந்த இடம் வந்தது. வாய் வரவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மழை. நம் திண்ணையில் அந்தப் பெண் நின்றது. "வணக்கம் அப்பா" என்றது. தமிழ்தான். வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கும். நான் சாய்வுநாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பேப்பரையும் மடக்கவில்லை. உள்ளே அம்மா தட்டில் கேக் எடுத்து வைத்துவிட்டு, நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று அடுப்படி வாசலில் நின்றிருக்கிறாள். புடவை நுனியெல்லாம் நனைந்து அந்தப் பெண் நின்றது எனக்குத் தெரிந்தது. வேதக்கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை, என்னிடம் கேட்கவில்லை என்றெல்லாம் அன்றைக்குக் காரணம் வைத்திருந்தேன். காரணம் அதுவல்ல. நீ என்னைக் கேட்காமல் ஒன்றைச் செய்துவிட்டாய் என்ற வீம்பு. நீங்கள் திரும்பிப் போகிற செருப்புச் சத்தம் கேட்டபோதாவது எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. கதையில் வருகிற கோட்டைத் தலைவன் நான்தான் தம்பி.

அம்மா 79-ல் மாயவரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். அப்போது நம் ஊருக்கு ரயில் இருந்தது, 86-ல்தான் நிறுத்தினார்கள். உன் ஆத்தா ஸ்டேஷனுக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அப்படிப்பட்ட வீடு இது.

மேலே உங்கள் இருவர் என்று எழுதியிருக்கிறேன். மகேஸ்வரி என்று எழுதவில்லை. அதன் பெயரை இந்தக் காகிதத்தில் முதல் தடவையாக இப்போதுதான் எழுதினேன்.

பணம் அனுப்ப வேண்டாம், பென்ஷன் போதும். இரவில் வண்டி ஓட்டாதே. சீர்காழி வரை பஸ்ஸில் வந்தால் நான் அங்கேயே வந்து நிற்பேன். எத்தனை மணியானாலும் சரி. பாறைப் பக்கம் மட்டும் போக வேண்டாம், இப்போது கூடவே கூடாது.

அம்மா மூன்று நாளாகத் தன் பழைய நூல் புடவைகளை வெந்நீரில் அலசி, கிழித்து, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, மொட்டைமாடியில் காயப்போடுகிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. காற்றில் பறந்துவிடாமல் கல் எடுத்துவைத்துவிட்டு வந்தேன்.

அப்பா