மேனேஜர் இல்லாத கம்பெனி: தம்பிக்கு ஒரு கடிதம்

உத்ரெக்ட், நெதர்லாந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

அம்பத்தூர் பட்டறையில் சூப்பர்வைசர் போய்விட்டார், புது ஆள் போடாமல் ஆபரேட்டர்களையே பொறுப்பெடுக்கச் சொல்லலாமா, நெதர்லாந்தில் அப்படித்தானாமே என்று கேட்டிருந்தாய். எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் நடக்கிறது. அதற்காக நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டால் மட்டும் போதாது.

இதில் பேர்போனது ப்யூர்ட்சோர்க். வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்களின் நிறுவனம். நர்ஸாக இருந்த யோஸ் டெ ப்ளொக் 2006-ல் தொடங்கினார். முதல் டீமில் 4 பேர். இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். டூட்டி போடுவது, ஆள் எடுப்பது, ஆபீசுக்கு இடம் பிடிப்பது எல்லாம் டீமே. 40, 50 டீமுக்கு ஒரு கோச் உண்டு. அவர் யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. பில், சம்பளப் பட்டுவாடா தலைமை அலுவலகத்தில். சம்பள விகிதம் அந்தத் துறையின் கூட்டு ஒப்பந்தப்படி என்பதால் அந்தச் சண்டை டீமுக்குள் வருவதில்லை. நீயும் சம்பளத்தை டீம் கையில் கொடுக்காதே.

ஒரு டீமில் 12 பேருக்கு மேல் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்: 12 பேருக்குள் 66 ஜோடி, 20 பேருக்குள் 190. அத்தனை பேருக்கு நடுவில் பேச்சு ஓடாது, கோஷ்டிதான் சேரும். உன் 34 பேரை மூன்றாகப் பிரி. ஆனால் லேத் ஒரு டீம், மில்லிங் ஒரு டீம் என்று மெஷின் வாரியாகப் பிரிக்காதே. ரிஜெக்‌ஷன் வந்தால் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவார்கள். ஒரு கஸ்டமரின் பார்ட் கச்சா இரும்பிலிருந்து டெஸ்பாட்ச் வரை ஒரே டீமிடம் இருக்கட்டும்.

அடுத்தது ஒரு பக்கத் தாள். யார் எதை முடிவு செய்வது என்று அதில் எழுது. எந்த ஜாப் முதலில், லீவு, ஓவர்டைம், மாதம் இத்தனை ரூபாய் வரை இன்சர்ட் (மெஷினில் மாட்டும் வெட்டுமுனை) வாங்குவது டீம். விலை, புது மெஷின், ஆளை நீக்குவது நீ. ஆபத்து என்றால் மெஷினை நிறுத்த யாருக்கும் உரிமை. ரிஜெக்‌ஷன், மெஷின் நின்ற நேரம், டெஸ்பாட்ச் தேதி மூன்றும் தினமும் போர்டில் ஏற வேண்டும். எண்ணைக் கண்ணில் காட்டாமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அது அநியாயம்.

முடிவெடுக்கும் முறை இங்கே கெரார்ட் எண்டன்புர்க் என்பவர் 1970-களில் தன் எலக்ட்ரிக்கல் கம்பெனியில் வளர்த்தது. கை தூக்கி ஓட்டெடுப்பது இல்லை. ஒருவர் யோசனையை வைப்பார். முதல் சுற்றில் சந்தேகம் கேட்பது, இரண்டாவதில் கருத்து, மூன்றாவதில் ஆட்சேபணை மட்டும். ‘எனக்குப் பிடிக்கல’ என்பது ஆட்சேபணை ஆகாது. வேலை எங்கே, ஏன் கெடும் என்று காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் யோசனையைத் திருத்துவார்கள். யாருக்கும் ஆட்சேபணை இல்லாதபோதுதான் முடிவு. அதை மறுபடி பார்க்கும் தேதியையும் அப்போதே குறித்துவிடுவார்கள்.

நம் ஊரில் இது இடறும் இடம் எனக்குத் தெரியும். ‘நீங்க சொன்னா சரி சார்’ என்று எல்லோரும் தலையாட்டிவிட்டு மெஷினுக்குப் போய்விடுவார்கள். அதனால் சுற்றைப் புதிதாய்ச் சேர்ந்த ஹெல்பரிடம் ஆரம்பி. நீ கடைசியாகப் பேசு, முடிந்தால் கூட்டத்துக்கே போகாதே.

இன்னொரு கோளாறும் வரும். சீனியர் ஆபரேட்டர் ஒருவர் தானாகவே பழைய சூப்பர்வைசர் ஆகிவிடுவார். கூட்டம் நடத்துவது, போர்டு எழுதுவது, ஸ்டோர் பார்ப்பது என்று பொறுப்பைப் பிரித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல். எண்டன்புர்க் முறையில் ஒவ்வொருவரும் சீட்டில் ஒரு பேரெழுதி, ஏன் அவர் என்று எல்லோர் முன்னும் சொல்வார்கள். உத்திரமேரூர்க் குடவோலையில் சீட்டைக் குலுக்கித்தான் எடுத்தார்கள். ஆனால் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்களே, அதை நீ அப்படியே எடுத்துக்கொள்.

மூன்று டீமையும் ஒரே நாளில் தொடங்காதே. ஒன்றை மூன்று மாதம் நடத்திப் பார். அந்தத் தாளை எழுதியதும் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பு. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்ட வரிகளை ஞாயிற்றுக்கிழமை போனில் உட்கார்ந்து திருத்திவிடலாம்.

அன்புடன்,
அக்கா