உத்தரவாதம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ரஷ்யாவுடனான போரை முடிக்க உக்ரைன் உடனே சமரசத்துக்கு இணங்க வேண்டும் என்று இந்தக் கடிதப் பகுதியில் எழுதும் வாசகர்கள் பலர், அந்நாடு தயங்குவதற்கான காரணத்தைக் கணக்கில் கொள்வதில்லை. சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது தன் மண்ணில் எஞ்சியிருந்த, உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியலைக் கைவிட ஒப்புக்கொண்ட உக்ரைனுக்கு, அதன் எல்லைகளை மதிப்பதாக 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் எழுத்துமூலம் உறுதியளித்தன. (அந்த ஆயுதங்களை இயக்கும் கட்டுப்பாடு மாஸ்கோவிடமே இருந்தது என்பதும் உண்மைதான்.) ஆனால், படை அனுப்பிக் காக்கும் கடமை எதையும் அந்த ஆவணம் எவர்மீதும் சுமத்தவில்லை என்பது 2014-இல் உக்ரைனின் கிரிமியா தீபகற்பம் ரஷ்யாவிடம் பறிபோனபோதுதான் பலருக்கும் உறைத்தது. பிறகு கிழக்கு உக்ரைனில் சண்டையை நிறுத்த வந்த மின்ஸ்க் உடன்படிக்கைகளும் நிலைக்கவில்லை.

மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் விரிவாக்கம் குறித்த ரஷ்யாவின் கவலையை வெறும் சாக்கு என்று நான் ஒதுக்கமாட்டேன். 2008-இல் உக்ரைனுக்கு உறுப்புரிமை உண்டு என்று காலக்கெடு இல்லாமல் அறிவித்த நேட்டோ, ரஷ்யாவைச் சீண்டியதே தவிர உக்ரைனுக்குப் பாதுகாப்பு தரவில்லை. எனினும், 2022-இல் ரஷ்யா படையெடுத்ததன் விளைவாக, நீண்டகாலம் அணிசேராதிருந்த பின்லாந்தே மறு ஆண்டு அக்கூட்டணியில் சேர்ந்துவிட்டது.

2022 மார்ச்சில் ரஷ்யாவுடன் நடந்த இஸ்தான்புல் பேச்சில் நடுநிலை வகிக்க முன்வந்தபோதும், அதற்கு ஈடாக உக்ரைன் கேட்டது பன்னாட்டுப் பாதுகாப்பு உத்தரவாதத்தையே. எனவே, நிலப்பகுதியை விட்டுக்கொடுப்பது பற்றி மட்டும் வாதிடுவோர், ஒப்பந்தம் மீறப்பட்டால் எந்த நாடு, எத்தகைய படையுடன், எவ்வளவு விரைவில் உதவிக்கு வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாசகர்,
கும்பகோணம்