கணுக்கால் ஆடினால் இடுப்பைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலே பயிலும் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான (அதுதான் 'பாயிண்ட்') ஷூவை எப்படி அளவு பார்த்து வாங்குவது, ரப்பர் பட்டையை வைத்துப் பாதத்துக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்றெல்லாம் இருந்தது. இடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நடனமாடும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

பாலே தேர்வுகள் நடத்தும் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் இன்டர்மீடியட் தேர்வுக்குத் தயாராகும் மாணவிகள் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, பாயிண்ட்ல நின்னா கணுக்கால் ஆடுது" என்பார்கள். அதற்குள் வீட்டில் ஷூவை மாற்றிப் பார்த்திருப்பார்கள். வெறுங்காலில், ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வேன். பலருக்கு, தூக்கிய காலின் பக்கம் இடுப்பு இறங்கிவிடும். நிற்கும் காலின் பக்கவாட்டு இடுப்புத் தசை தாங்கவில்லை என்று அர்த்தம். இடுப்பு இறங்கினால் முழங்கால் உள்ளே சாயும், பாதமும் உள்பக்கம் சரியும். இத்தனையையும் ஷூவின் சின்ன நுனியில் சமாளிக்கச் சொன்னால் கணுக்கால் என்ன செய்யும்?

டர்ன்அவுட், அதாவது கால்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கும் விஷயமும் இதுதான். தொடையெலும்பு இடுப்புக் குழிக்குள் வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும். அந்த வேலைக்கென்றே பிட்டத்தின் ஆழத்தில் ஆறு சின்னத் தசைகள் இருக்கின்றன. அவற்றில் வலுவில்லாத பிள்ளை தரையின் பிடிமானத்தை நம்பிப் பாதத்தை மட்டும் திருப்பும், இல்லையென்றால் பின்பக்கத்தைத் தள்ளி முதுகை வளைக்கும். இடுப்பெலும்பு முன்னால் சாய்ந்தால் மூட்டின் முன்னுள்ள தசைநார் தளரும், திருப்பம் கூடியதுபோல் தெரியும். கண்ணாடியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பாயிண்டில் ஏறியதும் அந்தப் பிடிமானம் போய்விடும், இடுப்பு கொடுக்கும் திருப்பம் மட்டுமே மிஞ்சும். (அரைமண்டியில் "பின்னால தள்ளாதே" என்று பரத ஆசிரியர்கள் அதட்டுவதும் இதற்காகத்தான்.)

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒற்றைக்காலில் நின்று, உடலை முன்னால் சாய்த்து, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, நிற்கும் முழங்காலை மடக்கிக் கைகளால் தரையைத் தொட்டு எழ வேண்டும். ஐந்து முறையில் நான்கு முறையாவது முழங்கால் உள்ளே சாயாமலும் இடுப்பு திரும்பாமலும் வர வேண்டும்.

பயிற்சி என்று பார்த்தால், பக்கவாட்டில் படுத்து, குதிகால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு மேல் முழங்காலைத் திறப்பது ஒன்று. எவ்வளவு உயரம் என்பது முக்கியமில்லை, இடுப்பு பின்னால் உருளக் கூடாது. அப்புறம் மல்லாந்து படுத்து, கைகால்களைத் தூக்கி, எதிரெதிர் கையையும் காலையும் மெல்ல இறக்குவது. கீழ்முதுகு தரையைவிட்டு எழும்பினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இவை கைவந்த பிறகு, வெறுங்காலில் ஒற்றைக்கால் ரிலவே, அதாவது குதிகாலைத் தூக்கி எழுவது. "வயிற்றை உள்ளே இழு" என்ற கட்டளை மட்டும் எனக்குப் பிடிக்காது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்குவார்கள். மூச்சை வெளியே விட்டபடி விலா எலும்பை இடுப்புக்கு நேராக வைக்கச் சொன்னால் போதும்.

நடன மருத்துவத்துக்கான அனைத்துலகச் சங்கத்தின் வழிகாட்டுதல், 12 வயதுக்கு முன் பாயிண்ட் வேண்டாம் என்பதோடு, வயிறு, இடுப்புத் தசைகள் வலுவில்லாதவர்களுக்குத் தள்ளிப்போடவும் சொல்கிறது. "அவ ஃபிரண்டு ஏறிட்டாளே" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வதும் அதைத்தான். ஏற்கெனவே ஏறிவிட்ட பிள்ளைகளின் பெற்றோர், அடுத்த ஜோடி ஷூ வாங்குமுன், வகுப்பில் தரைப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
செங்காங், சிங்கப்பூர்