மூன்று விளக்கில் இரண்டு வெள்ளை

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 1 கிலோவில் மெடலை விட்டதோடு பளுதூக்குதல் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஜெயித்தால் நம்ம பொண்ணு, தோற்றால் யாரோ என்பதெல்லாம் கிரிக்கெட் கூட்டத்தின் பழக்கம். அது உனக்கு எப்போது ஒட்டிக்கொண்டது?

அன்றைக்கு நடந்ததைக் கணக்காகவே பார். ஸ்னாட்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 88 கிலோ. கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 111ஐ முதலில் விட்டு, இரண்டாவதில் எடுத்தார். ஆக 199. வெண்கலம் 200க்குப் போனது. கடைசியில் 114 கேட்டார், ஏறவில்லை. நீ அந்த 114ஐத் திட்டுகிறாய். கோளாறு அதற்கு முன்பே. ஒரு எடையைத் தவறவிட்டால் பாரில், அதாவது தூக்கும் கம்பியில், எடையைக் குறைக்க முடியாது. அதையே திரும்ப எடுப்பதில் ஒரு முயற்சி செலவாகிவிடும். இருப்பதே மூன்று. 2016 ரியோவில் கிளீன் அண்ட் ஜெர்க் மூன்றும் போய், மொத்தக் கணக்கே இல்லாமல் வந்தவர், டோக்கியோவில் 87, 115 என்று 202 தூக்கி வெள்ளி வாங்கினார். பாரிசுக்குப் பிறகும் ஓய்ந்துவிடவில்லை: 2025 உலகப் போட்டியில் 48 கிலோ உடல் எடைப் பிரிவில் மறுபடி வெள்ளி. அதை நீ பார்க்கவே இல்லை!

நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தையே எடுத்துக்கொள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 149, 179 என்று 328 கிலோ. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் தொடைக் காயத்தோடு போய் 144, 173 என்று 317. பதினொரு கிலோ குறைவு, ஆனாலும் தங்கம். எதிராளி 312ல் நின்றுவிட்டதால் மூன்றாவது முயற்சிக்கு சதீஷ் வரவே இல்லை. அந்த வராமல் இருந்ததுதான் எனக்கு அன்றைக்குப் பிடித்த 'லிஃப்ட்'. அவர் தூக்கிய 77 கிலோ ஆண்கள் பிரிவே பிறகு போய்விட்டது. 73, 81 ஆக்கினார்கள், 2025ல் 71, 79 என்று மறுபடி மாற்றினார்கள். பழைய எண்களைப் புதிய எண்களோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதே.

அடுத்த தடவை டிவியில் கம்பியில் மாட்டும் பிளேட்டின் நிறத்தைப் பார். சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. ஆண்கள் பார் 20 கிலோ, பெண்கள் பார் 15. பிளேட் நழுவாமல் பூட்டும் காலர் இரண்டும் சேர்ந்து 5. சதீஷின் 149 என்றால் பார், காலர் போக ஒரு பக்கம் 62: இரண்டு சிவப்பு, ஒரு பச்சை, கடைசியில் 2 கிலோ சின்ன நீலம். கமென்டரி இல்லாமலே கணக்குப் போடலாம்.

தலைக்கு மேலே போன பார் நிற்கும்போதும் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று கேட்டிருந்தாய். முழங்கையைப் பார். பார் மேலே போய் கை பூட்டிய பிறகு மடங்கக்கூடாது. மடங்கி நிமிர்ந்தால் தப்பு. கை முழுதாக நீளாமல் பாரை மேலே வாங்கி, பிறகு தள்ளி நிமிர்த்தினால் 'பிரெஸ் அவுட்', அதுவும் தப்பு. நடுவர்கள் மூன்று பேர், ஆளுக்கொரு விளக்கு: சரி என்றால் வெள்ளை, தப்பு என்றால் சிவப்பு. இரண்டு வெள்ளை வேண்டும். பாரைக் கீழே விடவும் சைகை வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விட்டால் தூக்கியது வீண்.

எனக்கும் மனக்குறை உண்டு. தோல்வியில் அல்ல, ஊக்கமருந்தில். அதனாலேயே லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் இருக்குமா என்ற நிலை வந்து, 2023 அக்டோபரில்தான் உறுதியானது. மாட்டிக்கொண்டவனுக்கு நான் கைதட்டமாட்டேன், நம்ம ஊர்க்காரனே ஆனாலும்.

2026 காமன்வெல்த் மறுபடி கிளாஸ்கோ, ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2 வரை. ஹாக்கி, மல்யுத்தம், பேட்மிண்டன், துப்பாக்கி எல்லாம் இல்லை. பத்தே விளையாட்டு, அதில் நம்மது இருக்கிறது. அங்கே நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், ராத்திரி போட்டி என்றால் நமக்கு நடுராத்திரி தாண்டும். பிளாஸ்கில் டீ போட்டு வைத்துக்கொள். ஒவ்வொருவரும் முதல் முயற்சிக்குக் கேட்கும் ஓப்பனிங் எடையைக் குறித்து வைத்து எனக்கு எழுது.

உன்,
பழைய கூட்டாளி